அடுக்களைச் சுவரின் ஒளிக்கணக்கு

வீட்டின் மற்ற அறைகளுக்கு நிறம் தேர்வது பெரும்பாலும் விருப்பத்தைப் பொறுத்தது. அடுக்களைக்கு நிறம் தேர்வதோ, எரிவது விறகா எரிவாயுவா, வெளிச்சம் எப்பக்கமிருந்து வருகிறது, புகை எவ்வழியே வெளியேறுகிறது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே செய்யத்தக்கது. பெயிண்ட் கடையில் நீட்டப்படும் வண்ண அட்டை இந்த மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை. அட்டையில் எடுப்பாகத் தெரிந்த நிறம் ஓராண்டுக்குள் சுவரில் அடையாளம் தெரியாமல் போவதற்குக் காரணம் இதுவே. கத்தியும் கொதிநீரும் நெருப்பும் ஒரே இடத்தில் புழங்கும் அறையில் சுவரின் முதல் வேலை, உள்ளே வந்த வெளிச்சத்தை வீணாக்காமல் கைவேலை நடக்கும் இடத்துக்குத் திருப்பித் தருவதாகும். கண்ணுக்கு இனிமையாக இருப்பது அதற்கு அடுத்தபடியாக வருவது.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலை இக்கேள்விகளை ஆராய ஏற்ற இடம். இங்கு பெரும்பான்மையாக வாழும் மலையாளிப் பழங்குடியினரின் (பெயர் அவ்வாறிருப்பினும் இவர்கள் பேசுவது தமிழே) பழைய வீடுகள் மண்சுவரும் புல் வேய்ந்த கூரையும் சாணம் மெழுகிய தரையும் கொண்டவை. 2010-ல் தொடங்கிய கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-ல் அறிவிக்கப்பட்ட 300 சதுர அடிப் பசுமை வீடுகள் திட்டம், 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் ஆகியவை தமிழகக் கிராமங்கள் எங்கும் கூரை வீடுகளின் இடத்தில் கான்கிரீட் தளமிட்ட வீடுகளைக் கொண்டுவந்தபோது மலைக் கிராமங்களும் அதற்கு விலக்காக இருக்கவில்லை. 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் எரிவாயு உருளையையும் ஊர்தோறும் கொண்டுசேர்த்தது. விறகு கைக்கெட்டும் தூரத்திலும் மாற்று உருளை மலைப்பாதையின் மறுமுனையிலும் இருக்கும் ஊர்களில் மண் அடுப்பு அத்தனை எளிதில் அணைவதில்லை என்பதால், இங்கே பேசவேண்டிய அடுக்களை, பழைய அடுப்பும் புதிய தளமும் ஒருங்கே அமைந்த அடுக்களையாகும்.

அதே மலையில், ஆலங்காயத்துக்கு அருகிலுள்ள காவலூரில், வெளிச்சத்தை எண்ணுவதையே தொழிலாகக் கொண்ட வைணு பாப்பு வானாய்வகம் சுமார் 725 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. கொடைக்கானல் வானாய்வகத்தின் நீட்சியாக 1960-களின் இறுதியில் தொடங்கி, இன்று பெங்களூருவின் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின்கீழ் இயங்கும் அவ்வாய்வகத்தில், 1986 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட 2.34 மீட்டர் விட்டத் தொலைநோக்கியின் ஆடிமீது மெல்லிய அலுமினியப் படலம் பூசப்பட்டுள்ளது. புதிதாகப் பூசிய அலுமினியம் தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பியனுப்பும். தூசும் ஈரமும் அந்த அளவைக் குறைத்துக்கொண்டே வருவதால் இத்தகைய ஆடிகளுக்குக் காலம் தவறாமல் மறுபூச்சு தேவைப்படுகிறது. தொலைநோக்கிகளின் உட்புறம் பொதுவாகப் பளபளப்பற்ற கறுப்பாகவே இருக்கும். வழிதவறி நுழையும் ஒளி எங்கும் பட்டுத் தெறிக்காமல் விழுங்கப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். வானியலாளர் தெரிந்தே பூசும் அந்தக் கறுப்பை விறகடுப்பு கேளாமலே அடுக்களைக்குப் பூசிவிடுகிறது.

ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியில் திரும்பி வரும் பங்கைப் பிரதிபலிப்புத் திறன் என்பர். புதிதாக வெள்ளையடித்த சுண்ணாம்புச் சுவருக்கு இது சுமார் 0.8, செம்மண் பூசிய சுவருக்கும் சாணம் மெழுகிய தரைக்கும் 0.2 முதல் 0.3 வரை, புகைக்கரி படிந்த பரப்புக்கு ஏறத்தாழ 0.05. பார்வைக்குச் சாதாரணமாகத் தோன்றும் இந்த எண்கள் மூடிய அறைக்குள் வேறுவிதமாக நடந்துகொள்கின்றன. அறைக்குள் 100 பங்கு ஒளி நுழைவதாகவும் எல்லாப் பரப்புகளும் 0.8 திறன் உடையவை என்றும் கொண்டால், முதல் மோதலுக்குப் பின் 80 பங்கும், அது எதிர்ச்சுவரில் பட்டபின் 64 பங்கும், அடுத்து 51 பங்கும் என ஒளி திரும்பத் திரும்ப அறையைச் சுற்றிவந்து, எல்லாவற்றையும் கூட்டும்போது சுவர்கள் மொத்தத்தில் 500 பங்கு ஒளியைப் பெறுகின்றன. திறன் 0.5 ஆக இருந்தால் அதே கூட்டல் 200-லும், கரிபிடித்த 0.05-ல் வெறும் 105-லும் நின்றுவிடும். வாசலும் சன்னலும் தம்மேல் படும் ஒளியை வெளியே விட்டுவிடுபவை. தரையோ எப்போதும் இருண்டது. இவற்றால் உண்மையான அடுக்களையில் 500 கிட்டாது என்றாலும், சராசரித் திறன் 0.6 உள்ள அறைக்கும் 0.2 உள்ள அறைக்கும் இடையே ஒன்றுக்கு இரண்டு என்ற வேறுபாடு நிச்சயம் உண்டு. சன்னலை இரட்டிப்பாக்கிப் பெறுகிற வெளிச்சத்தைச் சில கிலோ சுண்ணாம்பால் பெறலாம் என்பது இதன் பொருள்.

இக்கணக்கில் எளிதில் கவனிக்கப்படாத ஒரு கூறு உண்டு. திறன் 0.8-லிருந்து 0.7-க்கு இறங்கும்போது மொத்த ஒளி 500-லிருந்து 333-ஆக, அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, 0.2-லிருந்து 0.1-க்கு இறங்கும்போதோ 125-லிருந்து 111-ஆக மட்டுமே குறைகிறது. வெள்ளைச் சுவரில் முதலில் படியும் மெல்லிய கரியே பெரும் இழப்பை உண்டாக்க, அதற்கு மேல் எவ்வளவு கரி சேர்ந்தாலும் அறை பெரிதாக இருண்டுவிடுவதில்லை. கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதும் இதனுடன் சேர்வதால், கறுத்த அடுக்களையில் ஆண்டுக்கணக்காகச் சமைப்பவருக்கு அந்த அறை இருண்டது என்ற உணர்வே எழாமல் போகலாம். அவருக்கு ஒரு சுவரை மட்டும் வெள்ளையடித்துக் காட்டுவதாலும் பயன் குறைவு, ஏனெனில் மற்ற மூன்று கறுப்புச் சுவர்களும் அது தரும் ஒளியை உடனே விழுங்கிவிடும்.

கரி சுவருக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதும் நிறத் தேர்வுக்குத் தேவையான செய்தியே. விறகு முழுமையாக எரியாதபோது உண்டாகும் கரித்துகள்கள் ஒவ்வொன்றும் ஒரு மீட்டரில் நூறு கோடியில் சில பத்துப் பங்கு அளவே உடைய நுண்ணுருண்டைகள். அவை ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலிகளாகிச் சூடான காற்றோடு மேலெழுகின்றன. சூடான காற்றில் மிதக்கும் துகளை வெப்பமான பக்கத்து வாயு மூலக்கூறுகள் வேகமாகவும் குளிர்ந்த பக்கத்து மூலக்கூறுகள் மெதுவாகவும் இடிப்பதால் துகள் குளிர்ந்த பக்கம் நோக்கித் தள்ளப்படுகிறது. இதனை வெப்பப் பெயர்ச்சி எனலாம். சமைக்கும் நேரத்தில் அறையில் குளிர்ந்திருப்பவை சுவரும் தளமும்தான் என்பதால் கரி அவற்றையே நாடிப் போகிறது. புகையிலுள்ள தார் போன்ற பிசுபிசுப்புப் பொருள் அதை அங்கேயே ஒட்டவைக்கிறது. இந்தத் தார்ப்பொருள் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பொளியைக் குறைவாகவும் உறிஞ்சுவதால், வெள்ளைச் சுவர் நேரே கறுப்பாகாமல் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பேறி, கடைசியில்தான் கறுக்கிறது. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பில் சிறிது நீலம் கலக்கும் தமிழ்நாட்டு வழக்கம் இந்த மஞ்சளைக் கண்ணுக்கு மறைப்பதற்கானது; நீலம் ஒளியைக் கூட்டுவதில்லை, சற்றே குறைக்கவும் செய்கிறது, ஆயினும் மஞ்சள் சாயல் நீங்கியதால் சுவர் வெளுத்ததாகவே தோன்றும். கைநிறைய நீலத்தைக் கொட்டுபவர் வெளிச்சத்தை இழக்கிறார்.

புல் வேய்ந்த கூரையில் புகை ஆயிரம் இடுக்குகள் வழியாகக் கசிந்து வெளியேறியது. போகிற வழியில் பரணில் வைத்த தானியத்தையும் கூரைப் புல்லையும் பூச்சி அண்டாமல் காத்தது. அந்த அமைப்பில் கறுப்பு ஒரு குறை என்று சொல்லிவிட முடியாது. கான்கிரீட் தளத்துக்கு இடுக்கு கிடையாது. பாதுகாக்கவேண்டிய புல்லும் கிடையாது. பழைய வீட்டின் அதே அடுப்பைப் புதிய வீட்டுக்குள் வைத்தால், முன்பு கூரை வழியே போன புகை முழுவதும் தளத்தின்கீழ்த் தேங்கிச் சுவரிலும் நுரையீரலிலும் படிகிறது. பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் சமையலிடத்தையும் உள்ளடக்கிக் குறைந்தது 25 சதுர மீட்டர் என்று பரப்பளவை வரையறுத்திருப்பது நல்லதே. ஆனால் புகைபோக்கி இல்லாத சமையலிடத்தில் எந்த நிறம் பூசினாலும் அது தற்காலிக நிறமே. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு 1950-களின் தொடக்கத்திலேயே புகைபோக்கியுடன் கூடிய மண் அடுப்பை வடிவமைத்து வெளியிட்டார். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பெயிண்ட் வாளி புகைபோக்கிக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது.

இனிச் சுண்ணாம்பு. சுட்ட சுண்ணாம்புக்கல் நீருடன் சேர்ந்து நீற்றுச் சுண்ணாம்பாகி, சுவரில் பூசப்பட்டபின் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறுகச் சிறுக ஏற்று மீண்டும் கால்சியம் கார்பனேட் என்னும் கல்லாகவே மாறுகிறது. இந்தக் கல்லின் தனித்தனிப் படிகம் கண்ணாடிபோல நிறமற்றது. ஒளி ஒரு பொருளிலிருந்து மற்றொன்றுக்குள் நுழையும்போது எவ்வளவு வளைகிறது என்பதைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் அதற்குச் சுமார் 1.6, காற்றுக்கு 1.0. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பெரிய வேறுபாட்டால், படிகமும் காற்றிடைவெளியும் மாறிமாறி அமைந்த பூச்சில் ஒளி எண்ணற்ற முறை சிதறித் திரும்பும்போது வெண்மை பிறக்கிறது. அந்த இடைவெளிகளில் 1.33 எண்ணுடைய நீர் புகுந்தால் வேறுபாடு சுருங்கி, சிதறல் குறைந்து, அடியிலுள்ள மண் நிறம் தெரியத் தொடங்கும். புதிதாக அடித்த ஈரச் சுண்ணாம்பு மங்கலாகத் தெரிந்து காய்ந்தபின் பளிச்சென்று வெளுப்பது இதனால்தான். ஏறத்தாழ 1.47 எண்ணுடைய எண்ணெய் புகுந்தாலோ வெண்மை அடியோடு போய்விடும். தாளிக்கும்போது தெறித்த துளி நிறமற்ற எண்ணெயாகவே இருந்தும் சுண்ணாம்புச் சுவரில் கருந்திட்டாகத் தெரிவது அழுக்கினால் அன்று, அந்த இடத்தில் சிதறல் நின்றுபோனதால். நீர் உலர்ந்துவிடும், எண்ணெய் உலராது. ஆகவே அடுப்பை ஒட்டிய இரண்டடி அகலத்துக்கு வெறும் சுண்ணாம்பு ஏற்றதன்று.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மலைமேல் மூன்று இருட்டுகள் ஒன்றாகக் கூடுகின்றன. மேகமூட்டத்தால் வெளி வெளிச்சமே குறைகிறது, காவலூரின் தொலைநோக்கிகள் பல இரவுகள் மூடிக்கிடப்பதும் இக்காலத்தில்தான். நனைந்த விறகு தன் ஈரத்தை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தைச் செலவிட்டுப் புகையைப் பெருக்குகிறது. ஈரம் உறிஞ்சிய சுண்ணாம்புச் சுவர் தன் வெண்மையில் ஒரு பகுதியை இழக்கிறது. ஒரு நிறம் அடுக்களைக்குப் பொருந்துமா என்பதைப் பங்குனி வெயிலில் நின்று முடிவு செய்வது தவறான தேர்வில் கொண்டுவிடும். ஐப்பசி மாலையில் அது எப்படித் தெரிகிறது என்பதே உரைகல்.

மலைவீடுகளின் இயல்பான இரண்டாவது நிறம் செம்மண். பாறை சிதைந்து மண்ணாகும்போது அதிலுள்ள இரும்பு, காற்றோடு சேர்ந்து, ஹேமடைட் என்னும் சிவப்பு ஆக்சைடாகவும், நீர்க்கூறும் கலந்த கோதைட் என்னும் மஞ்சள் ஆக்சைடாகவும் மாறுகிறது. மஞ்சள் வகை சுமார் 300 டிகிரி செல்சியசுக்குச் சூடானால் நீரை இழந்து சிவப்பாகிவிடும் என்பதால், மஞ்சள் மண்ணால் மெழுகிய அடுப்பின் வாய் சில நாட்களில் செங்கல் நிறம் பெறுகிறது. வெயிலோ சோப்போ வெளுக்கச் செய்ய முடியாத நிறம் அது. ஆனால் செம்மண் 570 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளியை, அதாவது நீலத்தையும் பச்சையையும், பெருமளவு விழுங்கிவிட்டு மஞ்சளுக்கு மேற்பட்டதையே திருப்பித் தருகிறது. விறகுத் தீயின் வெளிச்சத்தில் நீலமும் பச்சையும் ஏற்கெனவே குறைவு, சிவப்பே மிகுதி. ஆகவே தீயொளியில் செம்மண் சுவர் தன் பிரதிபலிப்புத் திறன் காட்டுவதைவிட ஒளிமிக்கதாக விளங்குகிறது. அதே சுவர் விடியற்கருக்கலில் ஏறக்குறையக் கறுப்பாகத் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் கண்ணின் கூம்பணுக்கள் ஓய, 507 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சைக்கே மிகுதியாகக் கூருணர்வு கொண்ட கோலணுக்கள் வேலையை ஏற்பதால் சிவப்பு முதலில் மறைகிறது. செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 1819-ல் கவனித்த இந்த மாற்றம் அவர் பெயராலேயே வழங்குகிறது. வெள்ளை எல்.இ.டி. விளக்கும் செம்மண்ணுக்கு நட்பானதன்று. நீல ஒளி உமிழும் சில்லின்மேல் மஞ்சள் ஒளிர்பொருள் பூசி உருவாக்கப்படும் மலிவு விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருப்பதால், மின்விளக்கு வந்த வீட்டில் செம்மண் சுவர் உயிரற்ற பழுப்பாகிவிடுகிறது. தீயொளிக்கு ஏற்ற நிறத்தை எல்.இ.டி. வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பழைய ரசனையைக் குறைசொல்வது நியாயமாகாது.

எந்த நிறம் என்பதோடு எந்த இடத்தில் என்பதும் சேர்த்து எண்ணத்தக்கது. கூரை தாழ இறங்கிய மண்வீட்டில் வானம் உள்ளிருந்து தெரிவதே இல்லை. வெளிச்சம் முதலில் வாசல் தரையில் விழுந்து, அங்கிருந்து தெறித்துக் கீழிருந்து மேல்நோக்கியே உள்ளே நுழைகிறது. அத்தகைய வீட்டில் வாசல் மண்ணே அடுக்களையின் முதல் பூச்சு, இரண்டாவது பூச்சு கூரையின் அடிப்பக்கம். சுவர்கள் அதற்குப் பிறகுதான். கான்கிரீட் வீட்டிலும் தாழ்வாரம் நீண்டிருந்தால் இதே நிலை தொடரும் என்பதால், கையிலிருக்கும் பணம் ஒரு பரப்புக்கு மட்டுமே போதுமென்றால் தளத்தின் அடிப்பக்கத்தை வெள்ளையடிப்பதே அறிவுடைமை. சன்னலைச் சுற்றியுள்ள சுவரும் வெளிர்நிறமாக இருக்கவேண்டும். இருண்ட சுவரின் நடுவே ஒரு சிறு சன்னல் ஒளிவீசினால் கண் அந்தப் பிரகாசத்துக்கு இசைந்துகொண்டு, மற்ற இடங்களை இன்னும் இருட்டாகவே காணும். கீழே இரண்டு மூன்று அடிக்குச் செம்மண் பட்டையும் அதற்குமேல் வெள்ளையுமாகப் பூசும் பழைய வழக்கம் இந்தக் கணக்கோடு நன்கு பொருந்துகிறது: சாணம் மெழுகும் கையும் தெறிக்கும் தண்ணீரும் எட்டும் உயரம் வரை கறை காட்டாத நிறம், கை எட்டாத, ஒளி திரும்பவேண்டிய உயரத்தில் வெண்மை.

கடையில் வாங்கும் எமல்ஷன் பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. இதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.7 என்பதால் பிசின், எண்ணெய், நீர் எது சூழ்ந்தாலும் சிதறல் நிற்பதில்லை. சுண்ணாம்பு தோற்கும் தாளிப்பு மூலையில் இது தாக்குப்பிடிக்கும், ஈரத்துணியால் துடைக்கவும் இடம் தரும். அவ்விடத்தில் லேசான பளபளப்புள்ள பூச்சு நன்று. முழுப் பளபளப்பு விளக்கைக் கண்ணுக்குள் வீசும். மண்சுவருக்கு மட்டும் இது கூடாது. மண் உறிஞ்சிய ஈரம் வெளியேறச் சுண்ணாம்புப் பூச்சு வழிவிடும், பிளாஸ்டிக் படலம் போன்ற பூச்சு விடாது. ஓரிரு மழைக்காலங்களில் உப்புப் பூத்து, மேல்மண்ணோடு சேர்ந்து பாளம் பாளமாக உதிரும். பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எனாமல் பெயிண்டுகளில் ஈய குரோமேட் பயன்படுத்தப்பட்டு வந்ததும் நினைவிற்கொள்ளத்தக்கது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகக்கூடாது என்னும் இந்திய விதி 2016-ல் பிறப்பிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்துத் தூசாக்குவது, குறிப்பாகக் குழந்தைகள் உள்ள வீட்டில், ஆபத்து.

இரண்டு பரவலான நம்பிக்கைகளைச் சுருக்கமாகத் தொட்டுவிடலாம். சிவப்பும் ஆரஞ்சும் பசியைத் தூண்டும் என்னும் விளம்பர வாசகத்துக்கு உறுதியான சான்று இல்லை. உட்புறக் கறுப்புச் சுவர் அறையைச் சூடாக்கும் என்பதும் பெரிதாகப் பொருந்தாது: வெயில் படும் கூரைக்கு வெள்ளை நன்மை செய்வது சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கண்ணுக்குத் தெரியும் ஒளியாக இருப்பதால், சூடேறிய சுவரும் தளமும் வீசும் வெப்பமோ 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்புக் கதிர், அந்த அலைநீளத்தில் சுண்ணாம்பும் கரியும் ஏறக்குறைய ஒரே அளவு கறுப்பானவை.

சமைக்கும் பொருளைக் கண் பிரித்தறிவதற்குச் சுவரைவிட அப்பொருளுக்கு உடனடிப் பின்னணியாக அமையும் பரப்பே முக்கியம். பாரிசின் கோபலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைமை வகித்த வேதியியலாளர் செவ்ரல், ஒரு நிறம் தன்னை ஒட்டிய நிறத்தால் மாறித் தோன்றுவதை 1839-ல் விரிவாக எழுதினார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகாரில் குறை நூலில் இல்லை, பக்கத்தில் நெய்த நீலத்தில் இருக்கிறது என்று அவர் கண்டார். ஜவ்வாது மலையின் முதன்மைத் தானியமாகிய சாமையில் கல் பொறுக்குவதற்கும் இதே விதி பொருந்தும். தீட்டிய சாமை வெளிறிய நிறம் உடையது, அதில் கலந்த கல்லும் பெரும்பாலும் வெளிறியதே. வெள்ளை டைல் பதித்த மேடையில் இரண்டும் கலந்துபோக, பழுப்பேறிய மூங்கில் முறத்தில் தானியத்தை மெல்லப் பரப்பித் திண்ணையில் பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கும்போது கல்லின் நிழலும் மினுக்கமும் அதைக் காட்டிக்கொடுக்கின்றன. மேடைக்கு நடுத்தரச் சாம்பலோ பழுப்போ கொண்ட கல்லும், அதற்கு மேல் வெளிர்நிறச் சுவரும் என்ற சேர்க்கை வெள்ளையின்மேல் வெள்ளையைவிடப் பயனுள்ளது. சுவருக்கு அடர்பச்சையோ அடர்நீலமோ தேர்ந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி மேடைமீதும் அதே சாயலை ஏற்றி, கீரை வாடியதா என்பதையும் கறி நிறம் மாறியதா என்பதையும் அறிய விடாமல் செய்யும்; மஞ்சள் கலந்த வெளிர்நிறங்களில் இந்தத் தொல்லை மிகக் குறைவு, திறனும் 0.6-க்கு மேல் நிற்கும்.

பூச்சின் காலத்தைப் பொறுத்தவரை, பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கத்துக்கு நல்ல அடிப்படை உண்டு. மழைக்காலத்தின் ஈரவிறகுப் புகை முழுவதும் சுவரில் ஏறி முடிந்திருக்கும் தருணம் அது. மார்கழிப் பனியின் ஈரம் சுண்ணாம்பை அவசரமாகக் காயவிடாமல் வைத்திருப்பதால், கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாவதற்கு அதற்கு அவகாசம் கிடைக்கிறது, கோடை வெயிலில் அடித்த பூச்சுபோல மாவாகக் கையில் ஒட்டுவதில்லை. விறகடுப்பு எரியும் வீட்டில் தளத்தின் அடிப்பக்கத்துக்கும் அடுப்புச் சுவருக்கும் ஆனி, ஆடியை ஒட்டி இன்னொரு மெல்லிய பூச்சு வேண்டியிருக்கும். அதற்குமுன் ஒட்டடையை உலர்ந்த துடைப்பத்தால் எடுத்துவிட்டு, தார் படிந்த இடங்களைச் சாம்பல் தொட்ட ஈரத்துணியால் தேய்த்துக் கழுவவேண்டும். கழுவாத தாரின்மேல் எத்தனை முறை அடித்தாலும் மஞ்சள் கசிந்து மேலே வந்துவிடும்.